மொரிஷியஸில் ஒரு வாரம் ஓய்வு: நீண்ட பயணத்தின் நடுவே வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது; ரோஸ்ஹில்லில் குடியிருக்கிறோம். வருடத்துக்கு நாலைந்து குடும்பமாவது ஊரிலிருந்து வரும். பெரும்பாலும் நீண்ட பயணமாகத்தான் இருக்கும். டர்பனில் சொந்தக்காரர் வீடு, ஜோஹன்னஸ்பர்க், விக்டோரியா அருவி என்று ஒரு மாதம் சுற்றியபின், "திரும்புகிற வழியில் ஒரு வாரம் கடற்கரையில் சும்மா இருந்துவிட்டுப் போகலாமென்று பார்க்கிறோம்" என்பார்கள். அதற்குப் பிறகு கேள்விகள் வரும். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஒரு வாரம் ஓய்வெடுக்க மொரிஷியஸ் ஏற்ற இடமா?

ஏற்ற இடம்தான். ஆனால் ஒரே ஊரில் தங்கவேண்டும். இதை மட்டும் நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்வேன்.

தீவு சிறியது. வடக்கிலிருந்து தெற்குக்கு 65 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்குக்கு 45 கிலோமீட்டர். இவ்வளவு சிறியதாக இருப்பதே வருகிறவர்களை அலைக்கழிக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். திங்கள் வடக்கு, செவ்வாய் தெற்கு, புதன் அருவி என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். என் பெரியம்மா மகன் குடும்பம் முதல்முறை வந்தபோது ஏழு நாளில் மூன்று ஓட்டல் மாறியது. ஏற்கெனவே முப்பது நாள் பெட்டியைக் கட்டிப் பிரித்து அலுத்தவர்கள், இங்கேயும் மூன்று தடவை கட்டிப் பிரித்தார்கள். விமான நிலையத்தில் வைத்து அண்ணி சொன்னார்: "படம் நிறைய எடுத்திருக்கோம்மா, தூக்கம்தான் பாக்கி." இரண்டாம் முறை வந்தபோது வடக்கே பெரேபேர் என்ற சின்ன ஊரில் எட்டு நாள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அண்ணா வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடத்தில் அவர் கையில் போன் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எந்தக் கரையில் தங்குவது?

நாலு கரைக்கும் நாலு குணம். இங்கே வருடத்தில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். அதனால் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், மணல் அழகாக இருந்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று விடாமல் வீசும், மாலையில் குளிரும். மேற்கில் ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமாரின் பக்கம் மலை மறைப்பதால் காற்றும் மழையும் குறைவு, சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். வடக்கில் கிராண்ட் பே, பெரேபேர், காப் மலேரே. கிராண்ட் பேயில் கடையும் சந்தடியும் அதிகம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளினால் பெரேபேர். பொடிநடையில் கடை, கடல், பேருந்து எல்லாம் கிடைக்கும். தென்கிழக்கில் புளூ பேயும் மாஹேபூரும் விமான நிலையத்துக்குப் பத்து நிமிடத் தூரம்.

கார் ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு நான் பெரேபேரைச் சொல்வேன். வருகிற விமானமோ போகிற விமானமோ அகாலத்தில் இருந்தால் புளூ பே. குளிர்காலத்தில் வயதானவர்களோடு வந்தால் மேற்குக் கரை.

ஓட்டலா, வீடா?

நீண்ட பயணத்தின் நடுவில் வருகிறீர்கள் என்றால் வீடுதான். இங்கே கடற்கரை வீட்டை "காம்ப்மோன்" என்பார்கள். முன்பு கூரை வேய்ந்த குடிலாக இருந்தவை இப்போது காங்கிரீட் வீடுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தீவுக்காரர்களே பள்ளி விடுமுறைக்கு இப்படி ஒரு வீட்டை எடுத்து, சித்தி, மாமா, பேரப்பிள்ளைகள் என்று பதினைந்து பேராகப் போய்த் தங்குவார்கள். அடுப்பு, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பின்னால் கொடிக்கயிறு எல்லாம் இருக்கும். ஒரு மாதம் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றுக்கு ஒரு ரசம் சோறு எவ்வளவு பெரிய வைத்தியம் என்று உங்களுக்கே தெரியும். துணியெல்லாம் ஒருமுறை துவைத்து வெயிலில் காய்ந்து மடித்துவைத்த பிறகு மனசுக்கு வரும் நிம்மதி தனி.

ஆனால் கேட்டு எடுக்கவேண்டும். ஒருமுறை ஊரிலிருந்து வந்தவர்களுக்கு "கடலோர வீடு" என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் கடலுக்குக் கரும்புத் தோட்டத்தைச் சுற்றி இருபத்தைந்து நிமிடம் நடக்கவேண்டும். பெரியவர்கள் கடலை இரண்டு தடவைதான் பார்த்தார்கள். அதிலிருந்து மூன்று கேள்வி கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை. மணலுக்கு நடந்துபோக எத்தனை நிமிடம்? படுக்கையறையில் மின்விசிறியும் கொசுவலையும் உண்டா? தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? வறட்சி மாதங்களில் குழாய்த் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வரும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம்.

எந்த மாதம் வரலாம்?

தெற்கு அரைக்கோளம் என்பதால் நம் கணக்குக்கு எல்லாம் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும். குளிர் என்றால் கடற்கரையில் ஊட்டிக் குளிர் இல்லை. மாலையில் ஒரு மெல்லிய சால்வை போதும். ஓய்வுக்கென்றே வருகிறவர்களுக்கு மே, செப்டம்பர், அக்டோபர், நவம்பர் தொடக்கம் நல்லது.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. புயல் நெருங்க நெருங்க வானிலைத் துறை எச்சரிக்கை வகுப்பை உயர்த்திக்கொண்டே போகும். மூன்றாம் வகுப்பு அறிவித்தால் கடை, பேருந்து எல்லாம் நின்றுவிடும், வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். இந்த மாதங்களில் வருகிறவர்கள் அடுத்த விமானத்துக்கு இரண்டு நாளாவது இடைவெளி விட்டு வையுங்கள்.

வந்ததும் முதல் இரண்டு நாள் என்ன செய்வது?

ஒன்றும் செய்யவேண்டாம். இதை நான் அக்கறையோடுதான் சொல்கிறேன். நீண்ட பயணத்தில் உடம்பு எப்போதும் அடுத்த பேருந்துக்கோ விமானத்துக்கோ தயாராகவே இருக்கும். அது அடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் நாள் காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். இந்தியாவிலிருந்து நேராக வந்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் இந்திய நேரம் இங்கத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. விழித்தால் கடற்கரைக்கு நடந்துவிடுங்கள்.

விடிகாலையில் பெரேபேர் கடற்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள். சவுக்கு மரத்தடியில் ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். அதில் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. கடல் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் இருக்கும், அலை அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பவளப்பாறையில் வெள்ளைக் கோடாக உடையும். அந்தத் தொலைதூர இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். வடக்கே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பாறைத் தீவு நிற்கும். அதற்குக் குவான் த மீர் என்று பெயர். வெளிச்சம் ஏற ஏற முதலில் கறுப்பாக, பிறகு ஊதாவாக, கடைசியில் பச்சை படிந்து தெரியும். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காப்பி போட்டுக் குடித்து மறுபடி தூங்குங்கள். மூன்றாம் நாள் பசி சரியாக எடுக்க ஆரம்பிக்கும். உடம்பு இறங்கிவந்ததற்கு அதுதான் அடையாளம்.

கடலில் இறங்குவது பத்திரமா? நீச்சல் தெரியாது.

தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறை வேலி மாதிரி இருக்கிறது. வேலிக்கு உள்ளே இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர், அலையே இருக்காது. ஓதம் ஏறி இறங்குவதும் அரை மீட்டர் அளவுதான். நீச்சல் தெரியாதவர்கள் அங்கே உட்கார்ந்து குளிக்கலாம். மெரினாவையும் நாகப்பட்டினத்தையும் பார்த்தவர்களுக்கு இது கடல்தானா என்று சந்தேகமே வரும்.

பாறை வேலியில் இடைவெளி உள்ள இடத்தைப் "பாஸ்" என்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே பாயும், பக்கத்தில் போகக்கூடாது. தெற்கே சூயாக் ஊருக்குப் பக்கத்தில் கிரி கிரி என்ற இடத்தில் பாறை வேலியே இல்லை. மேலே நின்று பார்க்கலாம், காலை நனைக்கக்கூடாது.

அப்புறம் காலில் ரப்பர் செருப்பு. கடையில் மலிவாகக் கிடைக்கும், வந்த அன்றே வாங்குங்கள். என் கொழுந்தன் இந்த ஊரிலேயே பிறந்தவர். "எனக்கென்ன தெரியாதா" என்று வெறுங்காலோடு இறங்கிக் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டார். பாதத்தில் கறுப்புக் கறுப்பாகப் பதினோரு முள். மாமியார் வினிகரில் துணியை நனைத்துக் கட்டினார், கொழுந்தன் நாலு நாள் நொண்டினார். அதைவிட மோசம் கல்மீன். அசல் பாறைத்துண்டு மாதிரி அடியில் கிடக்கும். அது குத்தினால் வலி தாங்க முடியாது. தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆம்புலன்ஸ் எண் 114.

பவளத்தை மிதிக்காதீர்கள், ஒடித்து எடுத்துவராதீர்கள். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்துப்போகச் சட்டம் இடம் கொடுக்காது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம்.

சைவக்காரர்கள் கஷ்டப்படாத நாடு இது. தெருவில் முதலில் கண்ணில் படுவது தால் பூரி. பெயரில் பூரி இருந்தாலும் எண்ணெயில் பொரித்ததில்லை. கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடியாக்கி மாவுக்குள் வைத்துத் தேய்த்துக் கல்லில் போட்ட மெல்லிய ரொட்டி. நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. எப்போதும் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். விற்கிறவர் கை வேகத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணி மூடிய பெட்டிக்குள் கைவிட்டு இரண்டை இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று சற்றுத் தள்ளிப் போட்டு, மொச்சை மாதிரி பெரிய பயற்றின் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, கொத்தமல்லிச் சட்னி ஒரு தடவல். "பிமான்?" என்று மிளகாய்க்காக ஒரு வார்த்தை கேட்பார், நீங்கள் தலையாட்டி முடிப்பதற்குள் சுருட்டிக் காகிதத்தில் மடித்து நீட்டிவிடுவார். நின்றுகொண்டே சாப்பிடவேண்டியது. குழம்பு முழங்கைக்கு வழியாமல் சாப்பிடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

"காத்தோ பிமான்" என்பது நம் பருப்பு வடையின் தம்பி, பெரிய நெல்லிக்காய் அளவு. இங்கே அதைப் பன்னுக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுவார்கள். குடிக்க "அலூதா", சப்ஜா விதை போட்ட குளிர்ந்த பால். மீன் சாப்பிடுகிறவர்கள் மாலையில் காப் மலேரேவில் சிவப்புக் கூரை மாதாகோயில் பக்கம் நின்றால் படகில் வந்த மீனை அங்கேயே வாங்கலாம்.

கடையில் சொல்ல, பிரெஞ்சிலிருந்து கிளைத்த இங்கத்துக் கிரியோல் மொழியில் ஒரு வரி: "மோ பா மான்ஸ் லாவியான், நி புவாசோன்." இறைச்சியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். கோழியைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். சிலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களே, தமிழில் பேசினால் போதுமா?

போதாது. இங்கே தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் வீட்டுமொழி கிரியோல். 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லபோர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அத்தனை தலைமுறை தாண்டியும் பெயரும் சாமியும் சமையலும் நிலைத்துவிட்டன. பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது. பேச்சு மட்டும் மாறிவிட்டது.

ஆனால் சந்தைக்குப் போனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பீர்க்கங்காய்க்கு இங்கே "பிப்பங்காய்". கறிவேப்பிலை "கரிபுலே". கொத்தமல்லி "கொத்தமிலி". முருங்கைக்கீரை "பிரெட் முரூம்". ரசம் "ரசோன்". இவை தமிழர்கள் மட்டும் பேசும் சொற்களில்லை. சீனரும் முஸ்லிமும் ஆப்பிரிக்க வழியினரும் இவற்றை இப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். நான் வந்த புதிதில் மொழி தெரியாமல் மாமியாரோடு சந்தைக்குப் போனேன். அவர் ஒரு சீனக் கிழவியிடம் "பிப்பங்காய்" கேட்டதும் அந்தம்மா சரியாகப் பீர்க்கங்காயை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. வீட்டு வேலியில் உட்கார்ந்து கத்தும் கொண்டைக்குருவியைக்கூட "கோந்தே" என்கிறார்கள்.

வயதானவர்களைத் "தோன்தோன்", "தாந்தின்" என்று கூப்பிட்டால் மாமா, அத்தை மாதிரி. "போன்சூர்" சொல்லாமல் கடையில் எதையும் கேட்காதீர்கள். இங்கே அது மரியாதைக் குறைவு. கோயிலில் "வணக்கம்" போதும், முகம் மலர்ந்துவிடும்.

கோயிலுக்குப் போகலாமா?

தாராளமாக. கிராண்ட் பேயில் சூரிய உதய சங்கத்தின் கோயில் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். குவாத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. படியேறினால் சமவெளி முழுதும் கண்ணில் விரியும். போர்ட் லூயிஸில் சாந்த் குருவா பகுதியில் "கைலாசோன்" என்று சொல்லப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் பழையது, பெரியது. உள்ளே பாடப்படும் தேவாரத்தைக் கவனியுங்கள். பலர் கையில் ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாள் இருக்கும். பேச்சில் தமிழ் இல்லாதவர்கள் ஒரு சொல் விடாமல் பாடுவார்கள்.

தைப்பூசத்தின்போது இருந்தால் அன்று வேறு திட்டம் வைக்காதீர்கள். இங்கே அது நாடு முழுவதுக்கும் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்திக் காவடி எடுத்து, வெயிலில் பல கிலோமீட்டர் நடந்து வருவார்கள். முடிந்ததும் வாழையிலையில் "ஏழு கறி" சாப்பாடு. யார் என்று கேட்காமல் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள்.

ஒன்றிரண்டு இடமாவது பார்க்கவேண்டாமா?

ஏழு நாளில் இரண்டு வெளிப்பயணம், அதுவும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. அதற்குமேல் வேண்டாம்.

ஒன்று, போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய இடம். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இதன் வழியாக வந்தார்கள். கடலிலிருந்து மேலே ஏறும் பதினாறு கருங்கல் படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சின்ன இடம்தான், அரைமணியில் சுற்றிவிடலாம். ஆனால் ஓய்வெடுக்க விமானத்தில் வந்து இறங்கிய நாம், ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலில் வந்தவர்கள் கால்வைத்த படி முன்னால் நிற்கும்போது பேச்சு வராது. என் அப்பா வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இரண்டு, பம்பிள்மூஸ் தாவரத் தோட்டம். பெரிய தாம்பாளம் போன்ற அல்லி இலைகளைத்தான் எல்லாரும் பார்க்கப் போவார்கள். நான் தாளிப்பனையைக் காட்டுவேன். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பூத்துக் காய்த்து, அதோடு பட்டுப்போகும் மரம். பெரேபேரிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம்.

புளூ பே பக்கம் தங்கினால் தோட்டத்துக்குப் பதில் எக்ரெத் தீவு. 26 ஹெக்டேர் காட்டை மொரிஷியன் வனவுயிர் அறக்கட்டளை பாதுகாக்கிறது, வழிகாட்டியோடுதான் போகமுடியும். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறாவை அங்கே கிளையில் பார்க்கலாம்.

கார் எடுக்கவேண்டுமா?

ஒரே ஊரில் இருந்தால் வேண்டியதில்லை. பேருந்து எல்லா ஊருக்கும் போகிறது, நடத்துனர் உள்ளேயே சீட்டுக் கொடுப்பார். கிராமப்புறத்தில் மாலை ஆறரைக்குமேல் பேருந்தை நம்பாதீர்கள். ஓட்டுவதானால் நம் ஊர் போல இடதுபக்கம்தான். வெளிப்பயண நாளுக்கு மட்டும் டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன்பே தொகையை முடிவுசெய்யுங்கள்.

விசா, பணம்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், சுற்றுலாவுக்கு வந்து இறங்கியதும் அனுமதி தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும். பணம் மொரிஷியஸ் ரூபாய். ஒன்றுக்கு ஏறக்குறைய இந்திய ரூபாய் இரண்டு.

நோட்டை வாங்கியதும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்து, தமிழ் எண். 1998இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே போட்டுவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவர். இங்கே அவர் பெயரை "ரெங்கநாதன் சீனிவாசென்" என்று எழுதுவார்கள்.

2020இல் கடலில் எண்ணெய் கொட்டியதே, இப்போது எப்படி?

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6இல் ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. அந்த வாரம் மாஹேபூர்க் கரையில் ஊரே திரண்டது. கரும்புச் சோகையைத் துணிக்குழாய்க்குள் அடைத்துத் தைத்து, காலிப் பிளாஸ்டிக் புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டுத் தடுப்பு செய்தார்கள். நாங்களும் ரோஸ்ஹில்லிலிருந்து போனோம். மூன்று நாள் சோகை அடைத்ததில் கையெல்லாம் கீறல். எண்ணெய் நாற்றம் துணியை விட்டுப் போகாமல் கடைசியில் எரித்தோம். வடக்கு, மேற்குக் கரைகளை அது தொடவில்லை. புளூ பேயில் இன்று எல்லாரும் குளிக்கிறார்கள். கரையோர அலையாத்திக் காடுகளுக்குள் நடக்க ஆசைப்படாதீர்கள். அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய உதவி.

குழந்தைகள், பெரியவர்களோடு வந்தால்?

விஷப்பாம்பு பயம் இல்லை, மலேரியா இல்லை. கொசு உண்டு, டெங்கு, சிக்குன்குனியா அவ்வப்போது தலைகாட்டும், அதனால் சாயங்காலம் முழுக்கைச் சட்டையும் கொசுக்களிம்பும். வெயில்தான் ஏமாற்றும். காற்று குளுகுளுவென்று இருப்பதால் சுடுவது தெரியாது, ராத்திரி முதுகு எரியும். பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை குழந்தைகளை நிழலில் வையுங்கள்.

அதே வாரத்தில் ரியூனியனுக்கோ ரோட்ரிக்ஸுக்கோ போய்வரலாமா?

வேண்டாம். ரியூனியன் விமானத்தில் முக்கால் மணிதான், ஆனால் அது பிரான்ஸின் பகுதி. விசா விதி வேறு, ஐரோப்பிய நாடுகளுக்கான செங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. எரிமலையும் மலைக்கிராமமும் பார்க்க அதற்கென்று தனியாக வரவேண்டும். ரோட்ரிக்ஸ் மொரிஷியஸுக்கே சொந்தமான சின்னத் தீவு, ஒன்றரை மணி விமானம். மொத்தம் 108 சதுர கிலோமீட்டர், அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. இரண்டு வாரம் இருந்தால் அந்த இரண்டாம் வாரத்தை அங்கே கொடுங்கள். ஒரு வாரத்தை இரண்டாக வெட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் கூட்டமாக இருக்குமாமே?

இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே வேன்கள் வந்து நிற்கும். சவுக்கு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாய் விரிப்பார்கள். பிரியாணித் தவலை, ஊறுகாய்ப் பாட்டில், பாட்டியின் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் இறங்கும். இங்கே கடற்கரை மணல் எந்த ஓட்டலுக்கும் சொந்தமில்லை, ஓத எல்லை வரை எல்லாருக்கும் பொது. மக்கள் அதை உரிமையோடு அனுபவிப்பார்கள். மூன்று மணிக்குமேல் யாராவது ரவான் என்ற தோல்பறையை எடுத்துச் சுள்ளி நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். தோல் இறுகினால்தான் நாதம் வரும். பிறகு செகா தொடங்கும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஆட்டம் அது. பாதத்தை மணலை விட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து ஆடுவார்கள். 2014இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியக் கலைகளில் சேர்த்தது. மேடையில் பார்ப்பதைவிட இந்த மரத்தடியில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தள்ளி நின்று படம் எடுக்காமல் பக்கத்தில் போய்ப் "போன்சூர்" சொல்லி உட்காருங்கள். ஒரு தட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். போகும்போது ஒரு டப்பா முறுக்கோ, ஊரிலிருந்து கொண்டுவந்த மிட்டாயோ எடுத்துப்போங்கள்.

கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

ராத்திரி விமானமாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் வரை இருக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பெரேபேரிலிருந்து விமான நிலையம் தீவின் மறுகோடியில், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வேலை விடும் நேரமென்றால் போர்ட் லூயிஸைத் தாண்டவே தாமதமாகும். மதியமே பெட்டியைக் கட்டி முன்னறையில் வைத்துவிடுங்கள். காலையில் குளித்த துணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கும், அதைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு இன்னொரு தடவை கடலில் இறங்கிவிட்டு வாருங்கள், நேரம் இருக்கிறது.